சுத்தி சொன்ன சேதி

ஒரு சின்ன வேலை செய்யுங்க. படிச்சுக்கிட்டு இருக்கிற இடத்துலயே வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுல அழுத்திச் சேருங்க. புறங்கைப் பக்கம், அந்த ரெண்டு விரலுக்கும் நடுவுல ஒரு சதை புடைச்சு நிற்குதா? சந்தோஷம். எனக்கு அந்த இடத்துல ஒரு குழிதான் இருக்கு.

அந்தக் குழி எப்படி வந்தது, அதைப் பார்த்துப் பார்த்து நான் எப்படி ஆறு மாசம் தூங்காம கிடந்தேன், கடைசியில ஒரு ரப்பர் சுத்தி என்ன சொன்னது... இதுதான் மேட்டர். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நான் மெக்கானிக்கல், இப்போ கடைசி வருஷம். ஊர் சூலூர். அப்பா சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். பம்ப் கம்பெனிகளுக்கு சாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஒர்க்கா கடைஞ்சு கொடுப்பார். ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஒரு டிசம்பர் காலை. திருச்சி ரோட்டுல பனிக்காத்துல பைக் ஓட்டிட்டு காலேஜ் போய் இறங்கினேன். சாவியைத் திருப்பி எடுக்க முடியலை. விரல் மடங்குது, ஆனா பிடிமானம் இல்லை. இடது கையால எடுத்தேன். வெயில் ஏறினதும் சரியாயிடுச்சு. 'குளிர்தான்'னு விட்டுட்டேன்.

ஜனவரி போய் பிப்ரவரி வந்தது. குளிர் போச்சு, தொந்தரவு போகலை. சட்டை பட்டன் போட நேரமாச்சு. ஒர்க்ஷாப்புல அரம் பிடிச்சா நழுவுச்சு. செமஸ்டர் பரீட்சையில மூணாவது மணி நேரம் என் கையெழுத்து எனக்கே புரியலை. கையை நீட்டினா விரல் மட்டும் லேசா நடுங்கும். "என்ன மச்சி, நேத்து நைட் ஓவரா?"னு பசங்க ஓட்டுவாங்க. நானும் சிரிச்சுக்குவேன்.

வலி கிடையாது. மரத்துப் போகலை. வலி இருந்திருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன். சத்தமே இல்லாம கை மட்டும் மெலிஞ்சுக்கிட்டு வந்தது.

அப்புறம் என்ன பண்ணியிருப்பேன்? நீங்க பண்றதைத்தான். ராத்திரி போர்வைக்குள்ள போனை வெச்சுக்கிட்டுத் தேடினேன். 'கை மெலிவு, வலி இல்லை'னு அடிச்சா, மூணாவது வரியிலயே மோட்டார் நியூரான் நோய். அதுல ரொம்பப் பேருக்குத் தெரிஞ்சது ஏ.எல்.எஸ். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த நோய். 1963ல அவருக்கு அதைச் சொன்னப்போ வயசு 21. ரெண்டு வருஷம்தான்னு டாக்டர்கள் நினைச்சாங்க. அவர் 76 வயசு வரைக்கும் இருந்து 2018லதான் போனார். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் படிக்கிறவன் கண்ணுக்கு 76 தெரியாதுங்க. 21தான் தெரியும். எனக்கு அப்போ 20.

யார்கிட்டயும் சொல்லலை. முழுக்கை சட்டையா போட ஆரம்பிச்சேன்.

கண்டுபிடிச்சது அப்பத்தா. ஒரு நாள் களி பிசைஞ்சு சாப்பிடும்போது உருண்டை விரல்ல நிற்காம திரும்பத் திரும்பத் தட்டுல விழுந்தது. அவங்க என் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தாங்க. "ஏஞ்சாமி, கை என்ன இப்பிடி வத்திக் கெடக்குது?" அப்பா சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்து, ஒரு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிடா கண்ணு"ன்னார். பிடிச்சேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, நான் பிடிச்ச பிடி எவ்வளவுன்னு.

அடுத்த வாரம் கோயமுத்தூர்ல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்டே போனோம். எனக்கு முன்னாடி ஒரு பெரியவர். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறவர், அறுபதை ஒட்டின வயசு. மகன் கூட வந்திருந்தார். கையில பெரிய ஸ்கேன் கவர். உள்ளே பாதித் திரைதான் போட்டிருந்தாங்க. பெரியவரோட கை என் கையை விட மோசமா மெலிஞ்சிருந்தது. டாக்டர் முழங்கை மடிப்புல ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் குச்சிக் கை படக்குனு துள்ளுச்சு! 'அட, பரவாயில்லையே, இவருக்கு நல்ல பலம் இருக்கே'ன்னு நினைச்சேன். எவ்வளவு தப்பா நினைச்சேன்னு பின்னாடி சொல்றேன்.

என் முறை வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி கையைப் பத்தியே இல்லை. "தம்பி, காது நல்லா கேக்குதா?"

கை மெலிஞ்சு வந்தவன்கிட்டே காதைப் பத்தி ஏன் கேட்கணும்? அதுக்கும் வர்றேன்.

அப்புறம் என்னைக் கட்டில்ல உட்கார வெச்சு சுத்தியை எடுத்தார். "உடம்பை லூசா விடுங்க. இது பரீட்சை இல்லை"ன்னார். முழங்கை மடிப்பு, மணிக்கட்டுக்கு மேல, முழங்கைக்குப் பின்னாடி, முட்டிக்குக் கீழ, குதிகால் நரம்பு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. பயத்துல நான் விறைச்சுப் போனதால கால் சரியா ஆடலை. "ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்து, இழுங்க"ன்னார். இழுத்தேன். கால் தானா உதைச்சது! மேஜிக் எல்லாம் இல்லைங்க. யென்ட்ராசிக்னு ஒரு ஹங்கேரி டாக்டர் 1885ல சொன்ன உத்தி. இன்னைக்கும் அதைத்தான் பண்றாங்க.

வாயை லேசா திறக்கச் சொல்லி, தாடையில விரலை வெச்சு அது மேல ஒரு தட்டு. கடைசியா சாவி நுனியால பாதத்தோட வெளி ஓரத்துல குதிகால்லேர்ந்து மேல ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல் கீழ மடங்குச்சு. "நல்லது"ன்னார். பெரியவங்களுக்கு அது மேல தூக்கினா மூளையிலேர்ந்து வர்ற பாதையில கோளாறுன்னு அர்த்தமாம். பாரிஸ்ல பாபின்ஸ்கி 1896ல கண்டுபிடிச்சது. கைக்குழந்தைக்கு மேல தூக்கினா தப்பில்லை. பாதை இன்னும் முழுசா தயாராகலை, அவ்வளவுதான்.

பக்கத்துல நின்ன அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கலை. "ஏனுங்க டாக்டர், பட்டறையில கிரைண்டிங் வீல் மாட்டறதுக்கு முன்னாடி நாங்களும் இப்பிடித்தான் தட்டிப் பாப்பமுங்க. கணீர்னு கேட்டா நல்ல வீலுங்க. சத்தம் மழுங்கிப் போச்சுன்னா உள்ள விரிசல்."

டாக்டர் சிரிச்சுட்டார். "எங்களுக்கும் அது பட்டறையிலேர்ந்து வந்ததுதாங்க. நெஞ்சைத் தட்டிப் பாக்கற வித்தையை 1761ல எழுதினவர் ஔவன்ப்ரூகர்னு ஒரு ஆஸ்திரிய டாக்டர். அவங்க அப்பா சத்திரம் நடத்தினவர். பீப்பாயைத் தட்டி உள்ள எவ்வளவு ஒயின் இருக்குன்னு பாக்கறதைப் பாத்துத்தான் பையனுக்கு யோசனை வந்துச்சும்பாங்க." முட்டியைத் தட்டறது அதுக்கும் நூறு வருஷத்துக்கு அப்புறம். 1875ல ஜெர்மனியில எர்ப், வெஸ்ட்ஃபால்னு ரெண்டு பேர் ஒரே பத்திரிகையில தனித்தனியா எழுதினாங்க.

சரி, முட்டியைத் தட்டினா என்ன தெரியும்? டாக்டர் சொன்னதை நம்ம ஊர் கணக்குல சொல்றேன்.

சுத்தி பட்டதும் தசைநார் ஒரு இழு இழுபடும். அந்தச் சேதி முதுகுத்தண்டுக்குப் போகும். அங்கேயே இருக்கிற ஒரு நரம்பணு, 'சுருங்கு'ன்னு தசைக்குத் திருப்பி உத்தரவு போடும். மூளையோட அனுமதிக்குக் காத்திருக்காது. இந்த நரம்பணுதான் கீழ் மோட்டார் நியூரான். நம்ம காங்கேயம் காளைன்னு வெச்சுக்குங்க. இழுக்கிற வேலை எல்லாம் அதுதான் செய்யும். மூளையிலேர்ந்து கீழ இறங்கி வர்ற இன்னொரு நரம்பணு இருக்கு. அது மேல் மோட்டார் நியூரான். அதுதான் மூக்கணாங்கயிறு. போகச் சொல்றதும் அதுதான், துள்ளாம பிடிச்சு வைக்கிறதும் அதுதான்.

காளை படுத்துடுச்சுன்னா? தட்டினாலும் அசையாது. தசை மெலியும், ரிஃப்ளெக்ஸ் குறையும். கயிறு அறுந்துடுச்சுன்னா? லேசா தட்டினாலே துள்ளும்.

இப்போ அந்தப் பெரியவரோட கையை நினைச்சுப் பாருங்க. மெலிஞ்சு போன கை. காளை படுத்துக்கிட்டு இருக்கு. அப்போ அது அசையவே கூடாது இல்லையா? ஆனா துள்ளுச்சு. அதாவது, காளையும் சாயுது, கயிறும் அறுந்திருக்கு. ரெண்டும் ஒரே கையில. ஏ.எல்.எஸ். நோயோட முகம் அதுதான். பாரிஸ்ல ஷார்கோ 1869ல விவரிச்சதும் இந்த ரெண்டு சேர்ந்த கேட்டைத்தான். 2019ல ஆஸ்திரேலியாவுல கோல்ட் கோஸ்ட்டுல உலக நிபுணர்கள் கூடி இந்த நோயை முடிவு பண்றதுக்குப் புது விதி வகுத்தாங்க. அதுலயும் இது இருக்கு: பலம் போய் மெலிஞ்ச தசையில ரிஃப்ளெக்ஸ் இருந்தாலே அது மேல் நியூரான் கோளாறுக்கு அடையாளம். அவ்வளவு பெரிய மாநாட்டுக்குப் பின்னாடியும் அதை டாக்டர் பார்க்க வேண்டியது இந்த ரப்பர் சுத்தியாலதான்!

டாக்டர் என் ஃபைல்ல ஒரு குச்சி மனுஷன் படம் போட்டார். ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்துல ஒரு நம்பர். 0 முதல் 4 வரைக்கும். 0ன்னா அசைவே இல்லை, 2 சராசரி, 4ன்னா துள்ளல். என் குச்சி மனுஷனுக்கு வலது முழங்கைக்குப் பின்னாடி மட்டும் 1. மத்த எல்லா இடமும் 2. தாடை சாதாரணம். ரெண்டு பாதத்துலயும் கீழ் நோக்கி ஒரு அம்புக்குறி.

"தம்பி, கயிறு எங்கேயும் அறுந்த மாதிரி தெரியலை. கோளாறு ஒரே கையில, கழுத்துலேர்ந்து வர்ற ஒரு சின்னப் பகுதியில மட்டும் இருக்கு. இன்னும் ரெண்டு டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன்." அப்படின்னார். ஆறு மாசத்துல முதல் தடவையா அன்னைக்கு ராத்திரி தூங்கினேன்.

ஆனா ஒண்ணு. சுத்தி மட்டும் தீர்ப்புச் சொல்லிடலை. தசையில மெல்லிய ஊசி குத்திப் பாக்கிற இ.எம்.ஜி. எடுத்தாங்க. ரத்தப் பரிசோதனை. அப்புறம் எம்.ஆர்.ஐ. அதுவும் ரெண்டு தடவை: ஒண்ணு நேரா படுத்து, இன்னொண்ணு கழுத்தை முன்னாடி மடக்கி. அந்த மடக்கின படத்துலதான் மாட்டுச்சு. நான் குனியும்போது முதுகுத்தண்டைச் சுத்தி இருக்கிற உறை முன்னாடி நகர்ந்து, உள்ளே இருக்கிற நரம்பை அழுத்துது. திரும்பத் திரும்ப அழுத்தி, கைக்குப் போற காளைகள் சில செத்துப் போச்சு.

பேரு ஹிராயாமா நோய். ஜப்பான் டாக்டர் ஹிராயாமா 1959ல விவரிச்சது. பெரும்பாலும் பதினைஞ்சு வயசுக்கு மேல, இருபத்தஞ்சுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு வருது. ஒரு கையில ஆரம்பிக்கும். குளிர்ல மோசமாகும். நீட்டின விரல் நடுங்கும். எல்லாம் அப்படியே நான்! நம்ம நாட்டுக்கும் இது புதுசில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல டாக்டர் கௌரி தேவியும் கூட இருந்தவங்களும், ஒரே ஒரு கையோ காலோ மட்டும் மெலிஞ்ச 23 பேரைப் பத்தி 1984லயே எழுதியிருக்காங்க. பெரும்பாலானவங்களுக்கு இது சில வருஷம் வளர்ந்து, அப்புறம் தானா நின்னுடும். உயிருக்கு ஆபத்து இல்லை.

இப்போ அந்தக் காது மேட்டர். மோட்டார் நியூரான் நோயிலயே ஒரு வகைக்கு நம்ம தலைநகரோட பழைய பேர் இருக்கு, தெரியுமா? 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. 1970ல டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூணு பேரும் சென்னையில பார்த்த இளம் வயசு நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. கை கால் மெலிவு, முகத்துலயும் நாக்குலயும் பலவீனம், கூடவே காது கேட்காம போறது. பெரும்பாலும் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திராவுலதான் இதைப் பார்த்திருக்காங்க. ஏ.எல்.எஸ். மாதிரி விரட்டாது. மெதுவா போகும், நிறைய பேர் பல வருஷம் வாழறாங்க. அதனாலதான் இங்கே இருக்கிற டாக்டர், கை மெலிஞ்ச ஒரு சின்னப் பையன் வந்தா காதைக் கேட்கிறார். எனக்குக் காது பிரமாதம். அப்பத்தா பக்கத்து வீட்டுல என்னைத் திட்டினாக்கூட கேட்கும்!

மோட்டார் நியூரான்னு ஒரே பேரைச் சொல்லிப் போன் என்னைப் பயமுறுத்துச்சு. அந்தப் பேருக்குப் பக்கத்துல, அதே மாதிரி வேஷம் போட்ட வேற வேற நோய்கள் இருக்கு. எது எதுன்னு பிரிக்கிறதுக்கு ஒரு மனுஷன் என் கையைத் தொட்டு, தட்டி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தோட ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. போனால அது முடியாது.

பெரியவர் என்ன ஆனார்னு கேட்கறீங்களா? மூணு மாசம் கழிச்சு செக்கப்புக்குப் போனப்போ, வெளியே டீக்கடையில அவர் மகனைப் பார்த்தேன். அவரே சொன்னார். அந்தப் பெரிய கவர்ல இருந்தது கழுத்து ஸ்கேனாம். எலும்பு தேய்மானம் தெரிஞ்சதால, கழுத்துல ஆபரேஷன் பண்ணினா கை சரியாயிடும்னு வேற ஒரு இடத்துல சொல்லி, பணத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. அன்னைக்கு டாக்டர் தாடையில தட்டினார். தாடையும் துள்ளுச்சு. தாடைக்கு வர்ற நரம்பு கழுத்துக்கு மேலேயே கிளம்பிடுது. கழுத்து எலும்பு அழுத்தினா கை கால் துள்ளலாம், தாடை துள்ளாது. அப்போ கோளாறு கழுத்தோட நிக்கலை. அதுக்கப்புறம் எல்லா டெஸ்ட்டும் எடுத்து ஏ.எல்.எஸ்.தான்னு முடிவாச்சு.

"எங்கப்பாவோட குச்சி மனுஷன்ல எல்லாமே 3, 4 தாங்க தம்பி"ன்னார்.

நான் என்ன சொல்லன்னு தெரியாம நின்னேன். அவரே தொடர்ந்தார். ரிலூசோல் மாத்திரை கொடுக்கறாங்களாம். 1995லயே வந்த மருந்து. நோயை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப் போடும். விழுங்கறதுக்கும் மூச்சுக்கும் என்ன உதவி வேணும்னு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்காங்க. "ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் படுக்கையில போட்டிருப்பமுங்க. இப்ப அப்பாவுக்குப் பேச்சு இருக்கறப்பவே எம் பொண்ணு கல்யாணத்தை முன்னாடி வெச்சுட்டோம். நின்னு வாழ்த்திட்டுப் போனாரு." டீ கிளாஸை வெச்சுட்டு, "உங்க கை எப்பிடி இருக்குதுங்க தம்பி?"ன்னு கேட்டார். ஃப்ரெண்ட்ஸ், நிஜமாச் சொல்றேன், அவர் அதைக் கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரே நாள், ஒரே கட்டில், ஒரே சுத்தி. எனக்கு ஒரு பதில், அவருக்கு ஒரு பதில்.

இப்போ ஒன்றரை வருஷமா கழுத்துல காலர் போட்டிருக்கேன். 'ரோபோ'ன்னு கிளாஸ்ல பேரு. குனிஞ்சு எதையும் பார்க்கக் கூடாது. புத்தகத்தை ஸ்டாண்டுல வெச்சுப் படிக்கிறேன், போனைத் தூக்கிப் பிடிக்கிறேன். உடனே எல்லாரும் பயப்படாதீங்க, குனிஞ்சு போன் பார்க்கிற எல்லாருக்கும் இது வந்துடாது! பைக்கை அப்பா வாங்கிக்கிட்டார். பஸ்லதான் வர்றேன். டிசம்பர்னா கம்பளி கிளவுஸ். கடைசி ரெண்டு செக்கப்லயும் கை இன்னும் மெலியலை. நின்னுடுச்சு மாதிரிதான் இருக்குன்னார் டாக்டர்.

ஆனா போன சதை திரும்ப வராது. அந்தக் குழி இனிமே என்கூடத்தான். நான் முழுக்கை சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்ச அந்த ஆறு மாசமும் அது ஆழமாகிக்கிட்டுத்தான் இருந்தது. முதல் மாசமே காட்டியிருந்தா காலர் அப்பவே வந்திருக்கும். அந்தக் கணக்கு மட்டும் இன்னும் மனசுல உறுத்துது.

இதைப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல ஸ்கேலை எடுத்து ஒருத்தர் முட்டியை ஒருத்தர் தட்டிக்காதீங்க, ப்ளீஸ். எங்க பசங்க பண்ணினாங்க. ஒருத்தனுக்கு ஆடவே இல்லை, ஒருத்தன் உதைச்சதுல பக்கெட் உடைஞ்சது. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கானுங்க. சிலருக்குப் பிறவியிலேயே கம்மி, சிலருக்குப் பயத்துல ஜாஸ்தி. ரெண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம், தசையில பலம் எப்படின்னு சேர்த்துப் பார்க்கத் தெரிஞ்சவங்கதான் அர்த்தம் சொல்ல முடியும். அதே மாதிரி பரீட்சை நேரத்துல தூக்கம் கெட்டு, காபியா குடிச்சு, கண் இமையோ கெண்டைக்கால் சதையோ துடிச்சா உடனே கூகுளுக்கு ஓடாதீங்க. பலம் குறையாம, சதை மெலியாம வெறும் துடிப்பு மட்டும்னா அது நிறைய பேருக்கு வர்றதுதான்.

ஆனா பட்டன் போட முடியலை, சாவி திரும்பலை, ஒரு கை இன்னொரு கையை விட மெலிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா... போர்வைக்குள்ள போனைத் தேடாதீங்க. லைட்டைப் போட்டு, வீட்டுல இருக்கிறவங்க கிட்டே கையை நீட்டிக் காட்டுங்க. அப்புறம் நேரா ஒரு நரம்பியல் டாக்டர்கிட்டே போங்க. அவர் சுத்தியை எடுத்தா, உடம்பை லூசா விடுங்க.

அது பரீட்சை இல்லைங்க!